முகாம் எங்கே?

நுழையும்முன்

மும்பையிலிருந்து புணே வழியாகத் தமிழகம் செல்லும் விரைவு வண்டிகள் பல, கர்ஜத் நிலையத்தில் சற்று நிற்கும். மலைப்பாதையில் வண்டியைத் தள்ளி ஏற்றுவதற்காக, அங்கே பின்புறத்தில் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டுவர். சன்னலோரம் வடா பாவ் விற்போரின் குரல் கேட்கும். பிறகு வண்டி புறப்பட்டுவிடும். சொந்த ஊருக்குச் செல்லும் வழியில் கர்ஜத்தைக் கண்ட நம்மவர் பலர். அங்கு இறங்கியவர் சிலரே. சயாத்திரி மலையடியில் உள்ள சிற்றூர்களையும் குகைகளையும் கோட்டைகளையும், சொந்த வாகனம் இல்லாத ஒரு குடும்பம் காண விரும்பினால் எங்கே தங்க வேண்டும்? மாட்டுங்காவிலோ தாராவியிலோ செம்பூரிலோ வாழும் நமக்கு இது பயனுள்ள வினா.

பாடம்

பயணம் செல்வோர் எதைக் காண்பது என்றே முதலில் எண்ணுவர். எங்கே தங்கி அதைக் காண்பது என்பதைப் பின்னரே எண்ணுவர். பழந்தமிழ்ப் புலவர்கள் இதில் கவனமாக இருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனின் மலைநாட்டுக்குச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூல். வழியில் உள்ள இடர்கள் எவை, எங்கே உணவு கிடைக்கும், எங்கே இரவைக் கழிக்கலாம் என்பனவற்றையும் அது எடுத்துரைக்கிறது.

பல இடங்களுக்கும் சென்று திரும்புவதற்கு நடுவாக நாம் தங்கும் ஊரை முகாம் எனலாம். இச்சொல் அரபு மொழியிலிருந்து இந்திய மொழிகளுக்கு வந்தது. மராத்தியர் இதனை ‘முக்காம்’ என்பர். இச்சொல் மீண்டும் நமக்குத் தேவைப்படும், நினைவில் கொள்க.

தொடர்வண்டி வழித்தட வரைபடத்தைப் பாருங்கள். கல்யாணில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று வடகிழக்கே கசாராவுக்கும், மற்றொன்று தென்கிழக்கே கர்ஜத்துக்கும் செல்கிறது. இரு திசைக்கும் வண்டி கிடைப்பதால் கல்யாணே தக்க முகாம் என்று தோன்றும். ஆனால் கல்யாண் ஒரு பெருநகரம். அங்கே தங்கினாலும் ஒவ்வொரு நாள் காலையிலும் நெரிசலைக் கடந்துதான் மலையடிவாரத்தை அடைய வேண்டும். மாட்டுங்காவிலிருந்து நேராகப் புறப்படுவதைவிட அதனால் பெரிய நன்மை இல்லை.

அழகு மட்டுமே போதுமெனில் மாதேரானைத் தேர்ந்தெடுக்கலாம். நேரளிலிருந்து அங்கு ஏறும் சிறிய மலைத் தொடர்வண்டி 1907ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதன் இருப்புப்பாதையின் அகலம் இரண்டே அடி. மாதேரான் ஊருக்குள் மகிழுந்துகள் செல்வதில்லை. காற்று தூய்மையாக இருக்கும். எனினும் அங்கிருந்து வேறோர் ஊருக்குச் செல்ல, முதலில் நேரளுக்கு இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் நேரளிலிருந்து மேலேறும் அவ்வண்டியும் நிறுத்தப்படும். மாதேரான் சென்று காண வேண்டிய இடமே, முகாம் ஆகாது.

இனிக் கர்ஜத்தைக் காண்போம். மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து இது ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. புறநகர் வண்டியில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். செம்பூரில் வாழ்வோர் துறைமுக வழித்தடத்தில் குர்லாவுக்கு வந்து வண்டி மாறலாம். தாராவியில் வாழ்வோர் சயானில் ஏறிக் குர்லாவில் மாறலாம். நேரள், கர்ஜத்துக்கு இரண்டு நிலையம் முன்னால் உள்ளது. கோபோலிக்குச் செல்லும் கிளைப்பாதையில் கர்ஜத்தை அடுத்துள்ள நிலையம் பலஸ்தரி. உல்லாஸ் ஆறு இவ்வட்டாரத்தின் வழியே பாய்கிறது. கொண்டாணே பௌத்தக் குகைகளும் பேட் கோட்டையும் கர்ஜத்திலிருந்து சென்று காணத்தக்கன.

பயணிகள் மலையடியில் தங்கிச் செல்வது புதிதன்று. 1856இல் இருப்புப்பாதை கோபோலி வரை வந்தது. 1858இல் மலைமேல் கண்டாலாவிலிருந்து புணே வரை பாதை திறக்கப்பட்டது. இடையில் இருந்த போர் காட் கணவாயில் பாதை அமைக்க 1863 வரை ஆயிற்று. அதுவரை பயணிகள் மலையைப் பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் வண்டியிலும் கடந்தனர். அக்கணவாய் 37 அடி தூரத்துக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் கொண்டது. கூடுதல் எஞ்சின் பூட்டப்படுவது அதனால்தான்.

கர்ஜத்தில் தங்குவதற்கு வேறொரு வலுவான காரணமும் உண்டு. அது பேருந்துகளின் நேரம் பற்றியது. சிற்றூர்களுக்குச் செல்லும் சிவப்பு நிற எஸ்.டி. பேருந்துகள் சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுவன அல்ல. பள்ளி செல்லும் பிள்ளைகளும், காய்கறி விற்க வரும் பெண்களும், வேலைக்குச் செல்வோருமே அவற்றுக்கு உரியவர்கள். அவர்களுக்குக் காலையில் ஊரிலிருந்து நகரத்துக்கும், மாலையில் நகரத்திலிருந்து ஊருக்கும் பேருந்து வேண்டும். நமக்கோ காலையில் ஊருக்குச் செல்லவும் மாலையில் திரும்பவும் வேண்டும். அவர்கள் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் நாம் செல்கிறோம்.

மாலையில் சிற்றூருக்குச் செல்லும் சில பேருந்துகள் இரவில் அங்கேயே தங்கி, விடியலில் புறப்படும். அவற்றை ‘முக்காமி’ வண்டி என்பர். அதாவது, அப்பேருந்துக்கும் ஒரு முகாம் உண்டு! இதை அறியாத பயணி, “மாலையில் இவ்வூருக்குப் பேருந்து வருகிறது, அதிலேயே திரும்பிவிடலாம்” என்று நம்பிக் காத்திருப்பார். பேருந்து வரும், ஓட்டுநர் இறங்கி உறங்கச் சென்றுவிடுவார். மலையடி ஊரில் இருட்டிய பின், சிறு குழந்தையுடனும் முதியவருடனும் நிற்கும் குடும்பத்துக்கு அது எளிய நிலை அன்று. ஆகவே, செல்லும்போதே நடத்துநரிடம், “கர்ஜத்துக்கு ஷேவட்ச்சி காடி கிதீ வாஜதா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பது அதன் பொருள். வீட்டில் மராத்தி பேசத் தெரிந்தவர் நீங்கள் ஒருவரே எனில், கேட்பதும் உங்கள் பொறுப்பே.

மும்பையிலிருந்து அன்றே சென்று திரும்புவோர் கர்ஜத்தை அடைவதற்குள் காலைப் பேருந்துகள் பல சென்றிருக்கும். முதல் நாள் மாலையே வந்து தங்குவோருக்கு அவை கிடைக்கும்.

மலைமேல் உள்ள லோனாவாலாவைச் சிலர் பரிந்துரைப்பர். அதுவும் நல்ல முகாமே. புணே நோக்கிச் செல்லும் உள்ளூர் வண்டியில் அடுத்த நிலையமான மளவலியில் இறங்கினால், ஒருபுறம் கார்லா குகைகள்; மறுபுறம் பாஜே குகைகளும் லோகட் கோட்டையும். ஆனால் மும்பைப் புறநகர் வண்டிகள் அம்மலை ஏறுவதில்லை. தொலைதூர வண்டியில்தான் செல்ல வேண்டும். விடுமுறை நாள்களில் அவற்றில் இடம் கிடைப்பது அரிது. விடுதிக் கட்டணமும் கூடிவிடும். மூன்று நாள் பயணம் எனில் லோனாவாலா பொருந்தும். ஓர் இரவு மட்டும் தங்க இயலும் குடும்பத்துக்குக் கர்ஜத்தே ஏற்றது.

சொற்பொருள்

ஆற்றுப்படுத்துதல் – வழிகாட்டுதல்
இடர் – துன்பம்
கூத்தர் – ஆடற்கலைஞர்
மட்டக்குதிரை – உயரம் குறைந்த குதிரை

பயிற்சி

1. கல்யாண் முகாமாகப் பொருந்தாது என ஆசிரியர் கூறுவது ஏன்?

2. ‘முக்காமி’ வண்டி என்பது யாது? அதனால் பயணிக்கு நேரக்கூடிய இடர் என்ன?

3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் முதன்முதலில் மும்பைக்கு வந்தபோது எங்கே தங்கினார் எனக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.

4. உங்கள் வீட்டிலிருந்து கர்ஜத்துக்குச் சென்று ஓரிரவு தங்கித் திரும்பும் பயணத்துக்கு ஓர் அட்டவணை வரைக. திரும்பும் வண்டியிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுதுக.