குடியை விட்டவருக்குத் தூக்கம் வரலையா?



"அவர் குடியை விட்டு பத்து நாளாச்சு. ராத்திரி பூரா தூங்காம நடந்துகிட்டே இருக்கார். பாவம், ஒரு கட்டிங் வாங்கிக் கொடுத்துடலாமான்னு தோணுது." குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. கொடுக்காதீர்கள். ஏன் என்று பார்ப்போம்.

தூக்கம் ஏன் போகிறது?

மது மூளையை மந்தமாக்கும். தினமும் குடிப்பவரின் மூளை அதற்கு ஈடுகொடுக்க வேகமாக ஓடிப் பழகிவிடுகிறது. குடியை நிறுத்தினாலும் அந்த வேகம் உடனே அடங்காது. தூக்கம் வராது, வந்தாலும் அடிக்கடி விழிப்பு, கெட்ட கனவு. சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட இப்படி இருக்கும். பிறகு மெல்லச் சரியாகும். ஒரு கட்டிங் குடித்தால் கண் சொக்கும், ஆனால் நடு ராத்திரியில் முழிப்பு தட்டும். மறுநாளும் கேட்பார். பத்து நாள் பட்ட பாடு வீணாகும்.

என்ன செய்யலாம்?

1. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுப்பிவிடுங்கள். பகல் தூக்கம் வேண்டாம்.
2. மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். படுக்கும் முன் பீடியும் தூக்கத்தைக் கெடுக்கும்.
3. பசியோடு படுக்க விடாதீர்கள்.
4. தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து திண்ணையில் சும்மா உட்காரட்டும். டிவி, செல்போன் வேண்டாம். கண் சொக்கும்போது வந்து படுக்கட்டும்.
5. மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். அதுவும் பழக்கமாகிவிடும். மதுவோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

எப்போது ஆஸ்பத்திரி?

நிறுத்திய முதல் வாரம் ரொம்ப கவனம். கைகால் நடுங்கி, வியர்த்துக் கொட்டி, இல்லாத ஆள் நிற்பதாகச் சொன்னாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போய் நேரத்தைக் கடத்தாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதே நல்லது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "வாழவே பிடிக்கலை" என்று பேசினால் தனியாக விடாதீர்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் தூக்கமும் முக்கியம். நீங்களும் ராத்திரி முழுக்க விழித்து, காலையில் களையெடுக்கப் போனால் உடம்பு தாங்காது. வீட்டில் பெரியவர்களோடு முறை போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்:

• குடியை விட்டவர் வீட்டுக்கு முதல் வாரம் நம் குழு என்ன துணை செய்யலாம்?
• அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது யார்?