நானும் நாங்களும்: நேர்காணலில் குழுப்பணி பற்றி விடையளித்தல்

நுழையும்முன்

மாணவர்களே! பள்ளிப் படிப்பை முடித்தபின் நீங்கள் பல நேர்காணல்களைச் சந்திக்க நேரிடும். அவற்றில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரு குழுவில் சேர்ந்து பணியாற்றியபோது நீங்கள் எவ்வகையில் பயன்பட்டீர்கள்?” எளிய கேள்வி போலத் தோன்றினும் பலர் தடுமாறும் இடம் இதுவே. சிலர் தம்மை மறைத்துக்கொள்கின்றனர். சிலர் பிறரை மறைத்துவிடுகின்றனர். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், “சொல்வதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?” என்று எண்ணி வாய் திறவாமலே வந்துவிடுகின்றனர். உங்களிடம் சொல்வதற்கு என்ன இருக்கிறது, அதை எவ்வாறு சொல்வது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. பாலராமபுரத்துப் பாவு

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்ததும் வருவது பாலராமபுரம். கைத்தறி ஆடைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மர் காலத்தில், சாலியர் என்னும் நெசவாளர் குடும்பங்கள் தமிழ் பேசும் நிலத்திலிருந்து அழைத்துவரப்பட்டு இங்குக் குடியமர்த்தப்பட்டன. மன்னரின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. இங்கு நெய்யப்படும் பருத்தி ஆடைகள் புவிசார் குறியீடு பெற்றவை. ஆக, இவ்வட்டாரத்தின் பெருமைகளுள் ஒன்றை உருவாக்கியவர்களும் உங்கள் பெற்றோரைப் போலவே தொழிலுக்காக இடம்பெயர்ந்து வந்தவர்களே.

ஒரு புடவையை நெய்பவர் குழித்தறியில் தனியாகத்தான் அமர்ந்திருப்பார். பார்ப்பவர்க்கு அது ஒருவர் செய்யும் வேலையாகத் தோன்றும். ஆனால் தறியில் ஏறும் முன் அந்த நூல் பல கைகளைக் கடந்து வருகிறது. ஒருவர் ஊடைக்கான நூலைத் தாரில் சுற்றுகிறார். வேறு சிலர் நீள்நூல்களை ஒழுங்குபடுத்திப் பாவாக்குகின்றனர். அந்தப் பாவைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி பூசுவது மரபான முறை. இருபுறமும் ஆட்கள் நின்று, தூரிகையால் ஒரே சீராகத் தேய்த்தபடி நடப்பார்கள். அறுந்த இழைகளைக் கண்டு முடிவதும் அப்போதே நடக்கும். கஞ்சி உலர்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். ஒருவர் பிந்தினால் அவ்விடத்தில் இழைகள் ஒட்டிக்கொள்ளும்; பின்னர்த் தறியில் அமர்பவர் அதற்கு விலை கொடுப்பார்.

அந்தத் தெருவில் நிற்கும் ஒருவரிடம், “இந்தப் பாவில் உங்கள் வேலை என்ன?” என்று கேட்டால், அவர் “எல்லாம் நானே செய்தேன்” என்று சொல்ல முடியாது. “எல்லோரும் சேர்ந்து செய்தோம்” என்று மட்டும் சொன்னால், கேட்டவர்க்கு எதுவும் விளங்காது. “வலப்புறம் தூரிகை பிடித்தேன், அறுந்த இழைகளை முடிந்தேன்” என்றால் விளங்கும். நேர்காணலில் எதிர்பார்க்கப்படுவதும் இத்தகைய விடையே.

2. கேள்வியின் உட்பொருள்

தேர்வாளர் இக்கேள்வியின் வழியாக மூன்றை அறிய விரும்புகிறார். முதலாவது, குழுவின் வேலையில் உங்கள் பங்கு எது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரியுமா என்பது. இரண்டாவது, பிறர் பங்கை மதிக்கிறீர்களா என்பது. மூன்றாவது, நீங்கள் இருந்ததால் அந்த வேலையில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்பது. “நான் கடின உழைப்பாளி”, “எல்லோருடனும் இணக்கமாகப் பழகுவேன்” என்னும் தொடர்கள் இம்மூன்றில் ஒன்றுக்கும் விடை ஆகா. பண்பைச் சொல்லாதீர்கள், அப்பண்பு வெளிப்பட்ட செயலைச் சொல்லுங்கள். பண்பைக் கேட்பவரே உணர்ந்துகொள்வார்.

3. மூன்று விடைகள்

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தவள். எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் வாழ்பவள். அவள் பள்ளி நூலகத்தில் தமிழ், மலையாளம், இந்தி நூல்கள் கலந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துப் பட்டியலிடும் பணி ஆறு மாணவர் கொண்ட குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. நேர்காணலில் அவளிடம் குழுப்பணி பற்றிய கேள்வி கேட்கப்படுகிறது. அவள் மூன்று வகையில் விடையளிக்கலாம்.

முதல் விடை: “நாங்கள் எல்லோரும் ஒற்றுமையாக உழைத்து அந்தப் பணியை நன்றாக முடித்தோம்.”

இரண்டாம் விடை: “மற்றவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே எல்லா வேலையையும் நானே செய்ய வேண்டியதாயிற்று.”

மூன்றாம் விடை: “நாங்கள் ஆறு பேர். எனக்குத் தமிழும் மலையாளமும் படிக்கத் தெரியும் என்பதால், நூல்களை மொழிவாரியாகப் பிரிக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். முதல் நாள் சில நூல்கள் இருமுறை பதிவாகியிருந்ததைக் கவனித்தேன். ஒருவர் தலைப்பைப் படிக்க, மற்றொருவர் எழுதலாம் என்று சொன்னேன். என் தோழி ஒருத்தி, பதிவான நூலில் சிறு அடையாளச் சீட்டு வைக்கலாம் என்றாள். இரண்டையும் கடைப்பிடித்தோம். ஆறு நாள் எனக் கருதிய பணி நான்கு நாளில் முடிந்தது.”

முதல் விடையில் அவள் காணப்படவில்லை. இரண்டாம் விடையில் மற்ற ஐவரும் காணப்படவில்லை. அவர்களைக் குறைத்துப் பேசும் குரலும் அதில் ஒலிக்கிறது. மூன்றாம் விடையில் ஆறு பேரும் இருக்கிறார்கள். அவள் நின்ற இடமும் தெரிகிறது. அவள் செய்தது மிகப் பெரிய செயல் அன்று. இரண்டு மொழி படிக்கத் தெரிந்ததும், ஒரு பிழையைக் கண்டதும், ஒரு வழி சொன்னதுமே அவள் பங்கு. அதுவே போதும். வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்ததை ஒரு குறையாக நினைத்தவளுக்கு, குழுவில் அதுவே பயன்பட்டது என்பதையும் நோக்குக.

4. நான், நாங்கள், நாம்

இவ்விடத்தில் தமிழ் உங்களுக்குத் துணைநிற்கிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ‘வீ’ என்னும் ஒரு சொல்லே உண்டு. தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரைச் சேர்க்காமல் சொல்வது ‘நாங்கள்’. கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது ‘நாம்’. இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். மலையாளத்திலும் ‘ஞங்ஙள்’, ‘நம்மள்’ என்னும் வேறுபாடு இருப்பதை நீங்கள் அறிவீர்கள்.

நேர்காணலில் நடந்ததைச் சொல்லும்போது ‘நாங்கள்’ என்றே சொல்ல வேண்டும். “நாம் நூல்களைப் பிரித்தோம்” என்றால், தேர்வாளரும் உடன் இருந்ததாகப் பொருள்படும். இனி நடக்க வேண்டியதைப் பேசும்போது ‘நாம்’ பொருந்தலாம்; எனினும் பணி உறுதியாகும் முன் அதனை மிகுதியாகப் பயன்படுத்துவது உரிமை மீறலாகத் தோன்றும்.

விடையைத் தயாரிக்கும்போது, குழு கூடி முடிவெடுத்தவற்றை ‘நாங்கள்’ என்றும், நீங்களே செய்தவற்றை ‘நான்’ என்றும், பிறர் செய்தவற்றை ‘அவர்’ அல்லது ‘தோழி’ என்றும் பிரித்து எழுதுங்கள். நேர்காணல் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ நடந்தாலும், முதலில் தமிழில் இவ்வாறு பிரித்துப் பார்த்தால் மயக்கம் நீங்கும்.

5. விடையின் நான்கு படிகள்

நல்ல விடை நான்கு படிகளில் அமையும்.

நிலை: எங்கே, எத்தனை பேர், என்ன பணி என்பதை ஓரிரு தொடர்களில் கூறுதல்.

பொறுப்பு: உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது அல்லது நீங்களே ஏற்றுக்கொண்டது எது எனக் கூறுதல்.

செயல்: நீங்கள் செய்தவற்றை வரிசையாகக் கூறுதல். விடையின் பெரும்பகுதி இதுவே.

விளைவு: அதனால் என்ன நிகழ்ந்தது எனக் கூறுதல். எண்ணாகச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முழு வெற்றி கிடைக்கவில்லை எனில் அதையும் மறைக்காமல், அதிலிருந்து அறிந்ததைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்நான்கும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்க வேண்டும். செய்யாததைச் சேர்க்காதீர்கள். தேர்வாளர் தொடர்ந்து, “அந்த அடையாளச் சீட்டு எவ்வாறு இருந்தது? யார் தயாரித்தார்?” என்று கேட்பார். உண்மையில் செய்தவர் உடனே சொல்லிவிடுவார். புனைந்தவர் இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுவார்.

6. கருத்து வேறுபாடு பற்றிய கேள்வி

“குழுவில் ஒருவர் ஒத்துழைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்பது அடுத்து வரக்கூடிய கேள்வி. “அப்படி எதுவும் நேர்ந்ததே இல்லை” என்பதை எவரும் நம்பமாட்டார். ஒருவர் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டுவதும் தகாது.

பாவில் இழை அறுந்தால், அதை அறுத்தவர் யார் என்னும் விசாரணை அப்போது நடப்பதில்லை, கஞ்சி உலர்ந்துகொண்டிருக்கும். முதலில் இழை முடியப்படும். அது ஏன் அறுந்தது என்பது பிறகு பேசப்படும். உங்கள் விடையும் அவ்வரிசையில் அமையட்டும்: வேலை நின்றுவிடாமல் என்ன செய்தீர்கள், பின்னர் அவரிடம் தனியே என்ன பேசினீர்கள், அவர் சொன்னதில் நியாயம் இருந்தால் எதை மாற்றிக்கொண்டீர்கள்.

7. இக்கேள்வி எழும் இடங்கள்

2016 ஜனவரி 1 முதல், மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும், ‘பி’ பிரிவில் அரசிதழ்ப் பதிவு பெறாத பணிகளுக்கும் நேர்காணல் நீக்கப்பட்டது. ஆயினும் உயர்பணிகளுக்கும் தனியார் நிறுவனப் பணிகளுக்கும் சில கல்லூரிச் சேர்க்கைகளுக்கும் நேர்காணல் தொடர்கிறது.

தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர விரும்புவோர் எழுத்துத் தேர்வுக்குப்பின் தேர்வு வாரியத்தின் முன் சில நாள்கள் தங்கியிருக்க வேண்டும். 2022 முதல் பெண்களும் அக்கழகத்தில் பயில்கின்றனர். அவ்வாரியம் நேர்காணலோடு நிறுத்திக்கொள்வதில்லை. பலகை, கயிறு, மரக்கட்டை ஆகியவற்றைக் கொடுத்துத் தடை ஒன்றைக் குழுவாகக் கடக்கச் சொல்கிறது. தொடக்கக் குழுப்பணிகளில் தலைவர் என எவரையும் நியமிப்பதில்லை. யார் வழி சொல்கிறார், யார் பிறர் சொல்வதைக் கேட்கிறார், யார் பின்தங்கியவர்க்குக் கை கொடுக்கிறார் என்பது அங்குக் கவனிக்கப்படுகிறது. சொல்லால் கேட்கப்படும் கேள்வியே அங்குச் செயலால் கேட்கப்படுகிறது.

8. உங்களிடம் இருப்பது

குழுப்பணி என்றால் விளையாட்டு அணியும் மாணவர் தலைமையும் மட்டுமே என எண்ண வேண்டா. கேரளத்தில் 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில் உங்கள் அன்னை உறுப்பினராக இருந்து, வாரக் கணக்கை நீங்கள் மலையாளத்தில் எழுதித் தந்திருந்தால் அதுவும் குழுப்பணியே. தந்தையின் கடையில் சரக்கு வந்த நாளில் பளு பார்த்து எழுதியதும், பக்கத்து வீட்டுப் பாட்டியுடன் மருத்துவமனைக்குச் சென்று இருமொழிக்கும் இடையே நின்று பேசியதும் சொல்லத் தக்கவையே. அவற்றில் உங்கள் பொறுப்பு, செயல், விளைவு மூன்றும் உள்ளன.

திருக்குறளின் அமைச்சியலில் சொல்வன்மை 65ஆம் அதிகாரம். அதனை அடுத்து வருவது வினைத்தூய்மை. பேசும் திறனுக்கு அருகிலேயே தூய செயலை வள்ளுவர் வைத்திருக்கிறார். நேர்காணலுக்குச் செல்வோர் இவ்வரிசையை நினைவில் கொள்ளுதல் நன்று.

சொற்பொருள்

பாவு – துணியின் நீளவாட்டில் அமையும் நூல்
ஊடை – துணியின் குறுக்குவாட்டில் அமையும் நூல்
தார் – ஊடை நூல் சுற்றப்பட்ட சிறு குழல்
குழித்தறி – நெய்பவர் கால்களைக் குழியில் வைத்து இயக்கும் தறி
உளப்பாடு – தன்னோடு சேர்த்துக்கொள்ளுதல்

பயிற்சி

அ. சுருக்கமாக விடையளிக்க.
1. பாலராமபுரம் என்னும் பெயர் எவ்வாறு அமைந்தது?
2. பாவுக்குக் கஞ்சி பூசும்போது ஒருவர் பிந்தினால் நேரும் தீங்கு யாது?
3. மாணவியின் முதல் இரண்டு விடைகளில் உள்ள குறைகள் யாவை?

ஆ. ‘நான்’, ‘நாங்கள்’, ‘நாம்’ ஆகியவற்றுள் பொருத்தமானதை இட்டு நிரப்புக.
1. ஐயா, பள்ளி ஆண்டுவிழாவில் ______ எட்டுப் பேர் மேடையை அமைத்தோம்.
2. அவ்வெண்மரில் விளக்குகளைக் கட்டியவள் ______.
3. தம்பி, நீயும் வா. ______ இருவரும் சேர்ந்து எழுதுவோம்.

இ. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பள்ளியிலோ பிறருடன் சேர்ந்து செய்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, நான்கு படிகளில் பத்துத் தொடர்களுக்கு மிகாமல் எழுதுக. எழுதியதை அவ்வேலையில் உடன் இருந்த ஒருவரிடம் படித்துக் காட்டுக. “ஆம், இப்படித்தான் நடந்தது” என்று அவர் சொன்னால் உங்கள் விடை நேர்காணலுக்கு ஏற்றது.