மூன்று மாட்டுச் சாணத்தில் நாலு பேர் சமையல்

எங்கள் வீட்டில் மூன்று மாடுகள். கோபர் கேஸ் போட்டால் நாலு பேர் சமையலுக்குக் காணுமா? இருக்கிற கேஸ் அடுப்பிலேயே எரிக்கலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

காணும் அம்மா, தைரியமாகப் போடுங்கள். மாட்டுக்குப் பத்து கிலோ என்றாலும் தினம் 30 கிலோ சாணம். அதில் சுமார் ஒரு கன மீட்டர் எரிவாயு வரும். மேய்ச்சலில் விழுவது கணக்கில் சேராது. கட்டுத்தறியில் அள்ளுவதுதான் கணக்கு.

சிலிண்டர் அடுப்பை மட்டும் அப்படியே மாட்டாதீர்கள். இந்த வாயுவுக்கு அழுத்தம் குறைவு. அந்த அடுப்பின் ஜெட் துளையோ ஊசிமுனைதான், தீ நின்று எரியாது. பெரிய துளை வைத்த கோபர் கேஸ் அடுப்பே வாங்குங்கள்.

சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி. தோசை மாவுப் பதத்தில் கையால் பிசையுங்கள். கல்லும் வைக்கோலும் விரலில் தட்டுப்படும், எடுத்துப் போடுங்கள். தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீர் கலக்கவே கூடாது. வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.

முதல் வாயு வரச் சில வாரம் ஆகும். அதில் காற்று கலந்திருக்கும். பற்றவைக்காமல் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள். பிறகு என்றைக்காவது தீ விட்டு விட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம், வடித்துவிட்டால் சரியாகிவிடும்.

வெளியே வரும் சாணக் குழம்பை வீணாக்காதீர்கள். எரிந்தது வாயுதான், தழைச்சத்து அதிலேயே இருக்கிறது. தென்னைக்கு ஊற்றுங்கள்.