தொடாமல் வெட்டும் யந்திரத்தின் மோட்டார்கள்

வீட்டிலேயே லேசர் வெட்டும் யந்திரம் ஒன்றைக் கட்ட முற்படுகிறவர்கள் ஸ்டெப்பர் மோட்டார் வாங்கப் போகும்போது முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனை கிலோ இழுக்கும்?" என்பதாகவே இருக்கிறது, சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் அந்தக் கேள்விக்குத்தான் பதில் தயாராக இருக்கிறது. உலோகத்தைச் செதுக்குகிற யந்திரத்திற்கு, அதாவது வெட்டும் முனை பொருளுக்குள் புகுந்து அதன் எதிர்ப்பைச் சந்திக்கிற யந்திரத்திற்கு, அது நியாயமான கேள்விதான். லேசர் யந்திரமோ தான் வெட்டும் பொருளைத் தொடுவதே இல்லை. மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கானாலும் மெல்லிய காகிதமானாலும் மோட்டாருக்குத் தெரிகிற பாரம் ஒன்றேதான்: கண்ணாடியும் லென்ஸும் தாங்கிய தலையை ஓடவைப்பதும், ஓடுகிறதை மூலையில் நிறுத்தித் திருப்புவதுமே அதன் முழு வேலை. ஆகையால், அசையாமல் நிற்கும்போது மோட்டார் எவ்வளவு பிடிக்கும் என்பதைவிட, விரைந்து ஓடும்போது அதனிடம் எவ்வளவு மிஞ்சும் என்பதே நாம் விசாரிக்க வேண்டிய விஷயம் என்பது, 40 வாட் கார்பன் டை ஆக்ஸைடு குழாய் பொருத்திய என் யந்திரத்தோடு பழகிப் பழகி எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

கடைக்காரர் சொல்லும் நீமா 17, நீமா 23 என்னும் எண்கள் சக்தியைக் குறிப்பவை அல்ல. மோட்டாரின் முகத்தட்டு 1.7 அங்குலமா, 2.3 அங்குலமா என்பதை மட்டுமே அவை தெரிவிக்கின்றன. பெரிதை வாங்கிவிட்டால் கவலையில்லை என்று எண்ணுவது இயல்பு; ஆனால் பெரிய மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரும் பெரிது, அதன் ஜடத்துவமும் பெரிது. 40 நியூட்டன்-சென்டிமீட்டர் பிடிவிசையுள்ள 17எச்எஸ்4401 என்ற சாதாரண நீமா 17 மோட்டாரின் ரோட்டார் ஜடத்துவம் 54 கிராம்-சதுர சென்டிமீட்டர். 20 பல் புல்லியும் ஜிடி2 பெல்ட்டும் போட்டுக் கணக்கிட்டால், இது ஓடும் தலையோடு சுமார் 130 கிராமைக் கூடுதலாகக் கட்டிவிட்டதற்குச் சமம். 300 கிராம்-சதுர சென்டிமீட்டர் ஜடத்துவமுள்ள ஒரு நீமா 23 மோட்டாரை அதே இடத்தில் வைத்தாலோ, இந்தச் சுமை 700 கிராமையும் தாண்டிப்போகிறது. கால் கிலோகூட இல்லாத தலையை ஓட்டுவதற்கு வந்த மோட்டார், தன்னைத் தானே ஓட்டிக்கொள்வதில் விசையின் பெரும் பங்கைச் செலவழிக்கிறது. அதன்மேல், குறுக்குச் சட்டத்தில் ஏறி அமர்ந்து அதனுடனேயே பயணம் செய்கிற மோட்டாரானால், அதன் எடை முழுவதும் மற்றோர் அச்சின் தலையில் விழுகிறது. மேடை மிகப் பெரிதாகவோ சட்டம் மிகக் கனமாகவோ இல்லாதவரையில் நீமா 17 போதும், நன்றாகவே போதும்.

அடுத்து வருவது, விற்கிறவர்கள் அநேகமாகச் சொல்லாததும் வாங்குகிறவர்கள் கேட்காததுமான ஒரு குணம்: இண்டக்டன்ஸ். மடையைத் திறந்த மாத்திரத்தில் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டிவிடாததைப் போல, மின்னழுத்தம் கொடுத்த மாத்திரத்தில் சுருளில் மின்னோட்டம் நிறைந்துவிடுவதில்லை. இண்டக்டன்ஸ் அதிகமாக இருக்க இருக்க அந்தத் தாமதமும் அதிகம். நான் சொன்ன மோட்டாருக்கு 2.8 மில்லிஹென்ரி, 1.5 ஓம், 1.7 ஆம்பியர். 12 வோல்ட்டில் அந்த 1.7 ஆம்பியர் சுருளை நிரப்ப ஏறத்தாழ 0.45 மில்லிவினாடியும், 24 வோல்ட்டில் ஏறத்தாழ 0.2 மில்லிவினாடியும் ஆகும். இப்பொழுது வேகத்தைக் கவனியுங்கள். 1.8 பாகை மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கிறது. 20 பல் புல்லி அந்தச் சுற்றில் பெல்ட்டை 40 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஆக ஓர் அடிக்கு 0.2 மில்லிமீட்டர். வினாடிக்கு 500 மில்லிமீட்டர் வேகத்தில் படம் பொறிக்க விரும்பினால் வினாடிக்கு 2,500 அடிகள், அதாவது ஓர் அடிக்குக் கிடைக்கும் அவகாசம் 0.4 மில்லிவினாடி. 12 வோல்ட்டில் சுருள் நிறைவதற்கு முன்பே அடுத்த அடி வந்துவிடுகிறது. சுழலும் ரோட்டார் தானே உண்டாக்குகிற எதிர் மின்னழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம். நிற்கும்போது கையால் திருப்ப முடியாத மோட்டார் ஓட்டத்தில் அடி தவறுவதன் காரணம் இதுவே. ஆகையால் 24 வோல்ட்டுக்குக் குறைந்த எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகை தாங்குமானால் 36 வோல்ட் இன்னும் உத்தமம். இந்த ஒரு காரணத்திற்காகவே, பழைய பிரிண்டர்களிலிருந்து கழற்றிய, இண்டக்டன்ஸ் மிகுந்த ஆறு கம்பி மோட்டார்களை, அவை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விலக்கிவிடுவதே நல்லது.

மைக்ரோஸ்டெப் என்னும் நுண்ணடிகளைப் பற்றி ஒரு பிரமை பரவியிருக்கிறது. ஓர் அடியைப் பதினாறாகப் பிரித்தால் துல்லியமும் பதினாறு மடங்காகும் என்று நினைக்கிறார்கள். அப்படி அல்ல, ஒரு நுண்ணடிக்கு மோட்டார் தரக்கூடிய விசை, முழுப் பிடிவிசையில் பத்தில் ஒரு பங்கே ஆகையால், சிறிதளவு உராய்வு இருந்தாலும் ரோட்டார் அந்த நுண்ணடியை உள்ளபடியே வைப்பதில்லை. நுண்ணடியின் உண்மையான பிரயோஜனம் ஓட்டத்தில் சாந்தம் உண்டாவதும், அதிர்வும் சப்தமும் குறைவதும்தான். பதினாறாகப் பிரித்தால் மில்லிமீட்டருக்கு 80 துடிப்புகள். வினாடிக்கு 500 மில்லிமீட்டர் என்றால் 40,000 துடிப்புகள். ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் ஜிஆர்பிஎல் என்னும் கட்டுப்பாட்டு மென்பொருள் ஏறத்தாழ 30,000 வரையில்தான் தரக்கூடியது. எட்டாகப் பிரித்தால் 20,000 போதும்; ஒரு நுண்ணடி அப்பொழுதும் 0.025 மில்லிமீட்டர். லேசர்ப் புள்ளியே 0.1 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை என்னும்போது அதைவிட நுட்பம் எதற்கு?

டிரைவரில் மின்னோட்டத்தைத் திருத்துவது ஐந்து நிமிஷ வேலை. ஏ4988 பலகையில் மின்னோட்டத்தை எட்டால் பெருக்கி, உணர் மின்தடையாலும் பெருக்கினால் பலகையின் சிறு திருகைத் திருப்பி வைக்க வேண்டிய வோல்ட் கிடைக்கும், 0.1 ஓம் மின்தடையுள்ள பலகையில் 1.2 ஆம்பியருக்கு 0.96 வோல்ட். பலகைக்குப் பலகை இந்த மின்தடை வேறுபடுகிறபடியால், அதன்மேல் பொறித்த எண்ணைப் பார்த்த பிறகே திருகைத் தொட வேண்டும். ஹீட்சிங்க்கும் காற்றாடியும் அவசியம். மோட்டாரின் உச்ச அளவில் எழுபது சதவீதத்தில் நான் ஓட்டுகிறேன். மோட்டாருக்குச் சூடு பெரிய பகையல்ல என்றாலும், 3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. கொண்டு செய்த தாங்கி 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகிவிடும். இன்னொன்று: மின்சாரம் இருக்கும்போது மோட்டார்க் கம்பியைப் பிடுங்கவே கூடாது, அந்தக் கணத்திலேயே டிரைவர் நாசமாகும்.

முடுக்கத்தைத் தீர்மானிப்பதில்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். யந்திரத்தின் ஸ்வபாவம் தெரிவது அங்கேதான். இரண்டு அச்சுகளுக்கும் ஒரே எண்ணைப் போடுவது வழக்கமாக இருந்தாலும் அதற்கு நியாயம் இல்லை. ஒன்று தலையை மட்டும் சுமக்கிறது, மற்றது சட்டம் முழுவதையும் சுமக்கிறது. ஜிஆர்பிஎல்லில் $120, $121 என்னும் இரண்டு இடங்கள் தனித்தனியே இருப்பதன் பயனும் அதுவே. அட்டை ஒன்றில் குறைந்த சக்தியில் ஒரு சிலுவைக் குறி இட்டு, லேசரை அணைத்துவிட்டுத் தலையை மேடையெங்கும் முழு வேகத்தில் நெடுநேரம் ஓடவிட்டு, திரும்ப வந்து அதே இடத்தில் குறியிடச் செய்தால், இரண்டு குறிகளும் ஒன்றாகப் படிந்தால் அடி தவறவில்லை என்பது நிச்சயம். தவறும் வரை முடுக்கத்தைப் படிப்படியாக உயர்த்தி, தவறிய எண்ணின் பாதியில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதன் பின் சிறு சதுரங்களை மெல்லிய கோட்டில் வரையச் செய்து மூலைகளைப் பாருங்கள். மூலையைத் தாண்டிய கோடு சில மில்லிமீட்டர் தூரம் அலையலையாக வந்தால், மோட்டார் தாங்கினாலும் சட்டம் தாங்கவில்லை என்று பொருள். மறுபடியும் குறைக்கத்தான் வேண்டும். முடுக்கம் குறைந்தால் வேறொரு செலவு இருக்கிறது. வினாடிக்கு 3,000 மில்லிமீட்டர் வீதம் வேகம் ஏறும் யந்திரம், 300 மில்லிமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு 15 மில்லிமீட்டர் ஓட வேண்டும். 500 என்றால் 42 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொறிக்கும் படத்தின் இரு பக்கங்களிலும் அந்த இடத்தை வெறுமனே விட வேண்டியிருப்பதால், சிறிய படங்களுக்கு அதிக வேகம் நேரத்தை மிச்சப்படுத்துவதே இல்லை.

அடி தவறியதுபோலத் தோன்றுகிற குறைகளில் பல, மோட்டாரைச் சேர்ந்தவையே அல்ல. புல்லியின் சிறு திருகு தண்டின் தட்டையான பக்கத்தில் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வட்டம் வட்டமாக வராவிட்டால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள். மில்லிமீட்டருக்கு இத்தனை அடி என்னும் எண்ணை, வெட்டிய துண்டை அளந்து அளந்து மாற்றுகிற பழக்கம் வேண்டாம். பல்லெண்ணிக்கையிலிருந்து கணக்கிட்ட எண்ணே சரியானது, துண்டு சிறிதாக வருவது கதிர் எரித்த அகலத்தால்.

இவ்வளவு ஜாக்கிரதையும் வெறும் அழகிற்காக அல்ல. இந்த மோட்டார்களுக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று திரும்பச் சொல்லும் வழி கிடையாது. கட்டளையிட்ட பலகை, தலை நகர்ந்துவிட்டதென்றே நம்பிக்கொண்டிருக்கும். ஜிஆர்பிஎல்லில் $32 என்னுமிடத்தில் லேசர் முறையை இயக்கி, எம்4 கட்டளையைப் பயன்படுத்தினால், வேகத்திற்குத் தக்கபடி கதிரின் சக்தி குறைந்து, மூலைகள் கருகாமல் வரும். ஆனால் தலை எதிலாவது சிக்கி நின்றுவிட்டால் அந்த ஏற்பாட்டிற்கும் அது தெரியாது. கதிர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருக்க, அக்ரிலிக் தீப்பற்றிக்கொள்ள அதிக நேரம் வேண்டியதில்லை. மூடியைத் திறந்தவுடன் குழாயின் மின்சாரம் அறுபடும்படி ஒரு சுவிட்சையும், கை எட்டும் தூரத்தில் ஒரு தீயணைப்பானையும் வைத்துக்கொண்டு, வெட்டு முடிகிற வரையில் யந்திரத்தின் அருகிலேயே இருங்கள்.