பெட்டியும் பட்டியலும்

நுழையும்முன்

கடைத்தெருவில் அடுக்கப்பட்டிருக்கும் சட்டை, காலணி, வாசனைத் திரவியம், கைப்பேசி ஆகியவற்றுள் பல கடல் கடந்து வந்தவை. ஒரு நாட்டின் பொருள் மற்றொரு நாட்டின் எல்லையைக் கடக்கும்போது, அதனுடன் சில தாள்களும் பயணம் செய்கின்றன. தாளில் எழுதப்பட்டிருப்பதும் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இவ்வொருமை ஏன் இன்றியமையாதது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பழந்துறைகளில்

பல்வகைப் பொருள்களைக் கடல்வழியே அனுப்புதல் தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத் துறையில் ஏற்றுமதிப் பொருள்களும் இறக்குமதிப் பொருள்களும் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டுக் காவலுக்குள் வைக்கப்பட்டதைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை காட்டுகிறது. சுங்க வரியை அக்காலத்தார் ‘உல்கு’ என்றனர்.

சேரநாட்டு முசிறியோடு நடந்த வணிகத்திற்கு, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசுத் தாள் ஒன்று சான்றாக உள்ளது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட அத்தாள் இன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. அதன் ஒரு பக்கத்தில் வணிகக் கடன் பற்றிய ஒப்பந்தம் காணப்படுகிறது. மறுபக்கத்தில், எர்மபோலோன் என்னும் கப்பலில் வந்த கங்கைப் பகுதி நறுமணப் பொருள், யானைத் தந்தம் முதலியவற்றின் எடையும் மதிப்பும் கணக்கிடப்பட்டுள்ளன. சரக்கைச் செங்கடல் துறையிலிருந்து ஒட்டகங்களில் ஏற்றிப் பாலைநிலம் கடந்து, பின்னர் நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா நகரில் சேர்க்கும் முறையும், அதற்கு முத்திரையிட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற்றுள்ளன. உரோமப் பேரரசு அத்தகைய சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கை வரியாகப் பெற்றது. எடை, மதிப்பு, முத்திரை, வரி என்னும் இந்நான்கும் இன்றைய பன்னாட்டு வணிகத்திலும் தொடர்கின்றன.

ஒரே அளவுப் பெட்டி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, துறைமுகத் தொழிலாளர்கள் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே ஏற்றியும் இறக்கியும் வந்தனர். ஒரு கப்பலின் சரக்கைக் கையாளப் பல நாள்கள் ஆயின. பொருள்கள் உடைவதும் களவுபோவதும் வழக்கமாக இருந்தன. அமெரிக்காவில் சரக்குந்துத் தொழில் நடத்திய மால்கம் மெக்லீன், பொருள்களைப் பிரிக்காமல் பெட்டியோடு கப்பலில் ஏற்றும் முறையைச் செயற்படுத்தினார். 1956 ஏப்ரல் 26 அன்று ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டிகளுடன் நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது.

பின்னர் உலகெங்கும் ஒரே அளவுகள் வகுக்கப்பட்டன. 20 அடி நீளம், 8 அடி அகலம், 8½ அடி உயரம் உடைய சரக்குப் பெட்டகம் அவற்றுள் ஒன்று. நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட அடையாளக் குறி ஒவ்வொரு பெட்டகத்திற்கும் உண்டு. கதவை மூடியபின் எண்ணிட்ட முத்திரைப் பூட்டு பொருத்தப்படும். வழியில் எவரேனும் கதவைத் திறந்திருந்தால் அப்பூட்டின் நிலை காட்டிக்கொடுத்துவிடும்.

பெட்டகத்தால் நேரமும் செலவும் குறைந்தன. ஆயினும், உள்ளிருக்கும் பொருள் கண்ணுக்குப் புலனாகாமல் மறைந்தது. மூட்டையைத் தோளில் சுமந்தவர் அதன் கசிவையும் மணத்தையும் உடனே அறிந்தார். மூடிய இரும்புப் பெட்டகத்தை ஏற்றும் பாரந்தூக்கியை இயக்குபவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே, பெட்டகத்தைக் கையாளும் அனைவரும் அதனுடன் வரும் பட்டியலையே நம்ப வேண்டியவராயினர்.

பலசரக்கின் பயணம்

ஒரு வணிகரின் சரக்கு மட்டுமே ஒரு பெட்டகத்தை நிரப்பினால் அது முழுச் சரக்கு எனப்படும். சிறு வணிகர் பலரின் சரக்குகள் ஒரே பெட்டகத்தில் சேர்ந்து செல்வதும் உண்டு. ஒருவர் பனியன்களையும், மற்றொருவர் தோல் காலணிகளையும், வேறொருவர் மசாலைப் பொருள்களையும் அனுப்பலாம். அவை சரக்கு நிலையம் ஒன்றில் சேர்க்கப்பட்டு அடுக்கப்படுகின்றன. மசாலையின் மணம் துணியில் ஏறாமலும், கனமான பெட்டி மெல்லிய பெட்டியை நசுக்காமலும், ஈரம் தாக்காமலும் அடுக்குதல் தேர்ந்த கைகளின் பணியாகும்.

இச்சரக்குடன் செல்லும் தாள்களுள் சில முதன்மையானவை. விலைப்பட்டியல், பொருளின் விலையையும் விற்பவர் வாங்குபவர் விவரங்களையும் தரும். சிப்பப் பட்டியல், எந்தப் பெட்டியில் எப்பொருள் எத்தனை உள்ளது என்பதையும் அதன் எடையையும் கூறும். கப்பல் நிறுவனம் தரும் சரக்கேற்றுச் சீட்டு, சரக்கைப் பெற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும். பொருள் எந்நாட்டில் உருவானது என்பதைப் பிறப்பிடச் சான்றிதழ் உறுதிப்படுத்தும். இந்தியாவிலிருந்து கடல்வழி ஏற்றுமதி செய்பவர், ‘ஷிப்பிங் பில்’ எனப்படும் அறிவிப்பைச் சுங்கத்துறையிடம் அளித்தல் வேண்டும்.

பொருளுக்கு ஓர் எண்

மொழிகள் பலவாயினும் சுங்கத்துறைகளுக்குப் பொதுவான எண்மொழி ஒன்று உண்டு. உலகச் சுங்க அமைப்பு உருவாக்கிய சரக்கு வகைப்பாட்டு முறை 1988இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்க எண் வழங்கப்படுகிறது. இந்தியா அதனை எட்டு இலக்கங்களாக விரித்துப் பயன்படுத்துகிறது.

முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும். திருப்பூரில் உருவாகும் பின்னலாடை 61ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது. நெய்த துணியில் தைத்த சட்டை 62ஆம் அத்தியாயத்தைச் சேர்ந்தது. காபி, தேயிலை, மிளகு ஆகியன 9ஆம் அத்தியாயத்திலும், காலணி 64ஆம் அத்தியாயத்திலும் இடம்பெறுகின்றன. வரி விகிதமும் தடையும் இவ்வெண்ணைப் பொறுத்தே அமைகின்றன. பலசரக்கினைப் ‘பல்வகைப் பொருள்கள்’ என ஒரே சொல்லில் எழுதினால் சுங்க அலுவலர் அதனை ஏற்கமாட்டார். ஒவ்வொன்றும் தன் பெயரோடும் எண்ணோடும் எழுதப்பட வேண்டும். ஒருவரின் அறிவிப்பில் பிழை நேர்ந்து பெட்டகம் ஆய்வுக்காக நிறுத்தப்பட்டால், அதே பெட்டகத்தில் உள்ள ஏனையோரின் சரக்கும் காத்திருக்க நேரிடும்.

அன்றாடப் பொருளில் ஆபத்து

வீட்டில் எளிதாகப் புழங்கும் சில பொருள்கள் கப்பலில் ஆபத்தானவையாகக் கருதப்படுகின்றன. கடல்வழிச் செல்லும் ஆபத்தான சரக்குகளைப் பன்னாட்டு விதிகள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கின்றன. ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியம் தீப்பற்றும் நீர்மங்களின் வகுப்பிலும், லித்தியம் மின்கலம் ஒன்பதாம் வகுப்பிலும் அடங்குகின்றன. இவற்றைத் தனியே அறிவித்து, உரிய முறையில் பொதிந்து, குறியீடு ஒட்டி அனுப்ப வேண்டும். கூடுதல் கட்டணத்திற்கு அஞ்சி மறைப்பவர், ஆபத்தை அறியாத மாலுமிகளின் அருகில் அப்பொருளை வைத்தவராகிறார்.

எடையும் அவ்வாறே. குறைத்து எழுதிய எடையை நம்பிப் பெட்டகங்களை அடுக்கினால் அடுக்கு சரியக்கூடும். கப்பலின் சமநிலையும் கெடக்கூடும். ஆகவே, 2016 சூலை 1 முதல், சரிபார்க்கப்பட்ட மொத்த எடை அறிவிக்கப்படாத பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றலாகாது எனப் பன்னாட்டு விதி நடைமுறைக்கு வந்தது.

கொழும்புக் கடலில்

தாளில் உண்மையை எழுதுவது மட்டும் போதாது. எழுதியவாறு பெட்டிக்குள்ளும் இருத்தல் வேண்டும். இதனை உணர்த்தும் நிகழ்வு 2021 மே மாதம் இலங்கையில் நேர்ந்தது. தூத்துக்குடியின் சரக்குப் பெட்டகங்கள் பலவும் பெரிய கப்பலுக்கு மாற்றப்படும் கொழும்புத் துறைமுகத்திற்கு அருகில், ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ என்னும் கப்பல் 1,486 பெட்டகங்களுடன் நங்கூரமிட்டிருந்தது. அதில் 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலம் கசிவது கொழும்பை அடையுமுன்பே அறியப்பட்டிருந்தது. கசிந்த பெட்டகத்தை இடைப்பட்ட துறைமுகங்களில் இறக்க இயலவில்லை. மே 20 அன்று கப்பலில் தீ காணப்பட்டது. தீ பல நாள்கள் எரிந்தது. சூன் 2 அன்று ஆழ்கடலுக்கு இழுத்துச்செல்ல முயன்றபோது கப்பலின் பின்பகுதி மூழ்கித் தரைதட்டியது.

கப்பலிலிருந்த நெகிழிக் குருணைகள் மேற்குக் கரையெங்கும் வெண்மணலாய்ப் படிந்தன. இறந்த ஆமைகள் கரை ஒதுங்கின. கரையோரக் கடற்பரப்பில் மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டது. அமிலத்தை விற்றவரையோ வாங்கியவரையோ மீனவர்கள் அறியார். எந்தச் சீட்டிலும் அவர்கள் கையொப்பமிட்டதில்லை. ஆயினும், அந்த வணிகத்தின் இழப்பை அவர்களும் சுமந்தனர்.

பட்டியலின் அறம்

சரக்குப் பட்டியல் வரி பெறுவதற்காக மட்டும் எழுதப்படுவதன்று. பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் வாய்ப்பில்லாத பாரந்தூக்கி இயக்குநர், மாலுமி, ஓட்டுநர், தீயணைப்பு வீரர், கரைவாழ் மக்கள் ஆகியோருக்கு அனுப்புநர் அளிக்கும் வாக்குறுதி அது. பொருளைச் சரியாகப் பெயரிட்டு, நேர்மையாக எடையிட்டு, உறுதியாகப் பொதிந்து அனுப்பும் வணிகர், தம் கண்ணில் படாத மனிதர்களையும் காக்கிறார்.

கற்பவை கற்றபின்

1. வீட்டிலுள்ள இறக்குமதிப் பொருள்கள் ஐந்தின் உறைகளைப் பார்த்து, அவை உருவான நாடுகளைப் பட்டியலிடுக.
2. பின்னலாடை, தேயிலை, காலணி, வாசனைத் திரவியம் ஆகிய நான்கையும் ஒரே பெட்டகத்தில் அனுப்புவதாகக் கொண்டு, சிப்பப் பட்டியல் ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் கலந்துரையாடுக.