கைப்பிடியைக் கழற்றாமல் ஒப்படைத்தேன்

2024 ஜூனில், நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்து இரண்டு வாரம் கழித்து, தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்த என் ரிவால்வரைத் திரும்ப வாங்கப் போனேன். துணிப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். இடப்பக்கக் கைப்பிடிப் பட்டை, திருகாணித் துளையிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. அடையாள அட்டையைக் கட்டிய கம்பியைக் கைப்பிடியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். அது மரத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கேட்டேன். "துப்பாக்கி நல்லா இருக்குல்ல சார்? அது வெறும் கட்டைதானே" என்றார் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர்.

வெறும் கட்டை இல்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளை மூன்று தடவை சுற்றிப் பொறுக்கிய ஈட்டி மரம் அது. உடைந்த சாய்வு நாற்காலியின் கை. அந்தத் துண்டை நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் ரேகை கண்ணாடி பார்த்த மாதிரி ஒத்துப்போகும்படி எங்கள் படப்பை ஆசாரி ஒருவர் நாற்பது நாள் எடுத்துச் செய்தார். அதற்குப் பிறகு கண் மங்கி, உளியைக் கீழே வைத்துவிட்டார். அவர் கையால் செய்த கடைசி ஜோடி அதுதான்.

தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரியும். 2021-ல் இரண்டு தடவை ஒப்படைத்தேன்: ஏப்ரல் சட்டமன்றத் தேர்தலுக்கு, அக்டோபர் ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்கு. இரண்டு தடவையும் தொழிற்சாலையில் வந்த பிளாஸ்டிக் பட்டையை மாட்டித்தான் கொடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. 2024 மார்ச் 16 தேர்தல் அறிவிப்பு வந்தபோது ஈட்டி ஜோடி துப்பாக்கியில் இருந்தது. கழற்ற ஐந்து நிமிடம் போதும், ஒரே ஒரு திருகாணி. நான் கழற்றவில்லை. நாலு பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெருமைக்குக் கொடுத்த விலை இது. கைப்பிடியின் நிலையை ரசீதில் எழுதி வாங்கவில்லை, போட்டோவும் எடுக்கவில்லை. அதனால் புகார் கொடுக்கக் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. திருகாணியை அதிகம் இறுக்கினால் மரம் பிளக்கும் என்று என் மச்சான் இன்றைக்கும் என்மேலேயே பழி போடுகிறார். துளையைத் திருகாணியைவிடக் கொஞ்சம் அகலமாக விட்டுத்தான் ஆசாரி போட்டிருந்தார். கீழே விழாமல் அந்த மரம் அப்படிப் பிளக்காது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

துப்பாக்கி அப்பாவுடையது. கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், ஆறு குண்டு. அரிசி ஆலைப் பணத்தை வங்கிக்கு எடுத்துப் போன காலத்தில் வாங்கியது. அவருக்கு எழுபது வயது தாண்டியதும், 2016 ஆயுத விதிகள் தரும் வழியில் வாரிசாக என் பெயருக்கு மாற்றிக்கொண்டோம். அந்த அலைச்சலைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை, எல்லோருக்கும் ஒன்றுதான். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆசை இருந்தாலும் துப்பாக்கி சேர்க்க முடியாது. குழலைத் தொடவும் கூடாது. உரிமமில்லாமல் அதைச் சுருக்குவது 1959 சட்டத்தின் 6-ஆம் பிரிவில் வருகிறது. எனக்கென்று மாற்றிக்கொள்ள மிச்சமிருந்தது கைப்பிடி ஒன்றுதான். அதனால் ஒரே துப்பாக்கிக்குப் பதினொரு ஜோடி வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். சுடாத துப்பாக்கிக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அப்பா பல வருஷம் கையில் பிடித்த பொருள் அது.

நீங்களும் பிடி செய்ய நினைத்தால், துப்பாக்கியை ஆசாரியிடம் கொடுக்கவே கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது சட்டப்படி குற்றம். நான் டூல் ரூம் ஆள். பிடிப் பகுதியின் வெளிவிளிம்பை மட்டும் காகிதத்தில் வரைந்து, ஊசித் துளையும் திருகாணித் துளையும் குறித்து, அலுமினியத் தகட்டில் லேசர் கட்டிங் செய்து டெம்ப்ளேட்டாகக் கொடுத்துவிடுவேன். உங்கள் தெருவிலும் ஒரு லேசர் கட்டிங் கடை இருக்கும், அரைமணி வேலை. கடைசிப் பொருத்தத்தை வீட்டில் நீங்களே உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஜோடியை நல்ல மரத்தில் செய்யாதீர்கள். ஒரகடம் கம்பெனிகளுக்கு இயந்திரம் வரும் பேக்கிங் பெட்டிகளின் பைன் மரம் இங்கே எல்லாப் பழைய மரக்கடையிலும் கிடைக்கும். எச்.டி. முத்திரை பார்த்து எடுங்கள், அது சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வேண்டாம்.

மரத்தில் என் கட்சி வாகை. மர வியாபாரத்தில் இதற்குக் கிழக்கிந்திய வால்நட் என்றே பெயர். துப்பாக்கிக் கட்டைக்கு வெள்ளைக்காரன் தேடும் வால்நட்டின் நிறம் நம் சாலையோரத்திலேயே நிற்கிறது. ஆனால் மரவாடியில் பச்சையாக வாங்கி உடனே செய்தால் இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும். என் நான்காவது ஜோடி அப்படித்தான் போனது. அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நின்றால்தான் உளி வைக்கலாம். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள்.

ஆசாரிகள் மெலமைன் பாலிஷ் போடச் சொல்வார்கள். பளபளக்கும், நம் வெயிலில் வியர்த்த கையில் வழுக்கும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக, நாளுக்கு ஒரு பூச்சாக ஏழெட்டு நாள் தேயுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள்.

வெளிநாட்டு ரப்பர் பிடி வாங்கு என்று சொன்ன மச்சானுக்கும் ஒரு பதில் உண்டு. எங்கள் ஒரகடத்தில் புல்லட் செய்யும் ராயல் என்பீல்டு, அந்தப் பெயரை இங்கிலாந்தின் என்பீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிபாகம் செய்து கொடுத்துப் பெற்றது. அந்த வண்டிக்காக உயிரை விடுகிறவர், துப்பாக்கிக்கு நம்மூர் ஆசாரி செய்த பிடியைக் கேலி செய்யக்கூடாது.

பிளந்த ஜோடியை ஒட்டவில்லை. பீரோவில் அப்படியே இருக்கிறது. துப்பாக்கியில் இப்போது பிளாஸ்டிக் பட்டைதான். உங்களிடமும் கையால் செய்த பிடி இருந்தால், அடுத்த தேர்தல் அறிவிப்பு வந்த அன்றைக்கே குண்டு ஏதும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு அந்த ஒரு திருகாணியைக் கழற்றுங்கள். பழைய பிளாஸ்டிக் பட்டையை மாட்டுங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஒப்படையுங்கள்.