சிலாட்டும் சிரிப்பும்

ஆயர் ஈத்தாமிலிருந்து ஜார்ஜ்டவுன் நகருக்குள் சென்றால், ஜாலான் பி. ரம்லி என்னும் சாலையில் ஒரு மரவீட்டைக் காணலாம். பி. ரம்லியின் தந்தை கட்டிய அவ்வீடு இன்று நினைவில்லமாக விளங்குகிறது. 1929ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த ரம்லியைப் பலரும் பாடகராகவே அறிவர். தற்காப்புக் கலையைத் திரையில் கையாளத் தெரிந்த இயக்குநர் என்று அவரை நினைப்போர் குறைவு.

1948இல் அவர் சிங்கப்பூருக்குச் சென்றார். ஜாலான் அம்பாசில் ஷா சகோதரர்கள் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தில் அப்போது மலாய்ப் படங்களை இயக்கியவர்களுள் பலர் இந்தியர்கள். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன், 1950இல் 'பக்தி' என்ற படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கினார். வங்காளத்தைச் சேர்ந்த ஃபானி மஜும்தார் 1956இல் 'ஹாங் துவா'வை வண்ணப் படமாக எடுத்தார். அதில் மலாக்கா வீரன் ஹாங் துவாவாக ரம்லி நடித்தார். தன் உயிர்த்தோழன் ஜெபாட்டையே கிரிஸ் கத்தியால் வீழ்த்த வேண்டிய நிலை துவாவுக்கு. அப்படத்தில் சண்டை விளையாட்டன்று, துயரம்.

மூன்றே ஆண்டுகளில், அதே ரம்லி தாம் இயக்கிய 'பெண்டேகார் புஜாங் லாப்போக்' படத்தில் சிலாட்டைக் கொண்டு மக்களைச் சிரிக்க வைத்தார். படகுத்துறையில் முரடர்கள் வம்பு செய்கின்றனர். முதியவர் ஒருவர் அவர்களை அடித்து விரட்டுகிறார். அதைக் கண்டு வியந்த மூன்று நண்பர்கள் அவரிடம் சிலாட் கற்கச் செல்கின்றனர். அங்கேதான் சிக்கல். மூவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது! வளர்ந்த ஆண்கள் மூவரும் வகுப்பில் அமர்ந்து ஜாவி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கும் காட்சியை இன்றும் மலேசியர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். எழுத்தறியாத பெரியவர்கள் பலர் வாழ்ந்த காலம் அது. அரங்கில் சிரித்த சிலருக்கு அந்தக் காட்சி உள்ளூரக் குத்தியும் இருக்கலாம்.

ரம்லி கேலி செய்தது சிலாட்டை அன்று. பொறுமையின்றி அதைக் கற்க வந்தவர்களைத்தான். சிலாட்டில் அழகிய அசைவுகளை 'பூங்கா', அதாவது பூ என்பர். தாக்கும் நுட்பங்களை 'புவா', அதாவது கனி என்பர். பூவை மட்டும் பார்த்து மயங்கிக் கனிக்கு அவசரப்படுபவர்கள் அந்த மூவர். முதிய குருவோ படம் முழுவதும் மதிப்புக் குறையாமல் நிற்கிறார். இந்த வேறுபாட்டைக் காப்பாற்றியதே ரம்லியின் திறமை.

1964இல் அவர் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு எடுத்த படங்கள் முன்போல் ஓடவில்லை. 1967இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. அதே ஆண்டில், அதே ஷா நிறுவனம் ஹாங்காங்கில் எடுத்த 'ஒற்றைக்கை வாள்வீரன்' என்ற வண்ணப் படம் பெரும் வெற்றி பெற்றது. ரசிகர்களின் பார்வை வாள்வீச்சுக்கும் குங்ஃபூவுக்கும் திரும்பியது.

ரம்லியின் கடைசிப் படம் 1972இல் வந்த 'லக்சமானா டோ ரே மி'. லக்சமானா என்பது ஹாங் துவா வகித்த பதவியின் பெயர். அதிலும் மூன்று நண்பர்கள், அதிலும் சிரிப்பு. மறு ஆண்டு மே 29ஆம் நாள், 44ஆம் வயதில் ரம்லி காலமானார். 2019இல் யுனெஸ்கோ, மலேசியாவின் சிலாட்டை மானுடத்தின் மரபுக் கலைகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.